முள்ளின் மேல் தொங்கிய மாலை

பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே,

இப்படி எழுத உட்காருகிறவர்கள் பொதுவாக நரைத்துப்போய், பென்ஷன் வாங்கி, சாய்வு நாற்காலியில் கால் நீட்டியவர்களாக இருப்பார்கள். எனக்கு மீசையே இன்னும் ஒழுங்காக முளைக்கவில்லை என்று நம் பட்டறை முதலாளி, சீனத் தவுக்கே, கேலி செய்கிறார். இருந்தாலும் இந்த மாதத்தோடு ஈப்போ பட்டறையிலிருந்து நான் ஓய்வு பெறுகிறேன். கம்பார் பக்கத்து ஈயக் குட்டையில் மிதந்துகொண்டே மண்ணைத் தோண்டுகிற ராட்சத யந்திரம் ஒன்று வந்திருக்கிறது. அதன் எஞ்சின் அறைக்குள் ஒரு தடவை தலையை நீட்டிப் பார்த்தேன். அன்றிலிருந்து சிலிபினில் இருக்கும் எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தாலும் காதில் அந்தச் சத்தம்தான். போகாமல் இருக்க முடியாது. படித்த பையன் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வேலைக்குப் போயிருக்கலாமே என்று என் அப்பா இன்னும் பெருமூச்சு விடுகிறார். விடட்டும்.

ஸ்பானர் பிடிப்பதையும் நட்டுக் கழற்றுவதையும் எழுதிச் சொல்லித்தர எனக்கு விருப்பமில்லை. கை பழகினால் அது வந்துவிடும். கை பழகினாலும் வராத சமாச்சாரம் ஒன்று இருக்கிறது. வண்டிக்காரர் பதறிக்கொண்டு நிற்பார். முதலாளி கடிகாரத்தைப் பார்ப்பார். உங்கள் கையில் ஒரு டப்பா இருக்கும். அதைத் திறந்து எஞ்சினுக்குள் ஊற்றினால் எல்லோரும் சிரித்த முகத்தோடு வீட்டுக்குப் போகலாம். அந்த நேரத்தில் ஊற்றுவதா, எஞ்சினைத் திறந்து பார்ப்பதா? அதற்காகத்தான் முத்தையா அண்ணனுடைய லாரியின் கதையைச் சொல்கிறேன்.

முத்தையா அண்ணன் பீடோர் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் மாட்டு வண்டிகளுக்குத் தலைவராக இருந்தவர். தோட்டத்தில் உலர்த்திக் கட்டிய ரப்பர் ஷீட்டுகளைத் தெலுக் ஆன்சன் படகுத்துறைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவருடைய வண்டிகள்தான். பிறகு துரைமார்களுக்கு மோட்டார் ஆசை பிடித்தது. மாடு நடக்கிற நடைக்கு ரப்பர் போனால் கப்பல் காத்திருக்குமா என்று பேச்சு எழுந்தது. வேறு யாராவது முந்திக்கொள்வதற்குள் முத்தையா அண்ணன் மாடுகளையும் வண்டிகளையும் விற்றுவிட்டு ஒரு பழைய லாரியை வாங்கிவிட்டார். மாட்டுக் கொம்புக்குப் பூசிய அதே பச்சை வர்ணத்தை அதன் விளக்குகளைச் சுற்றிப் பூசினார்.

மாட்டு வண்டிக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வைக்கோலைக் கருக்கி, அந்தக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து, அச்சில் பூசுவார்கள். வண்டி மை என்று அதற்குப் பெயர். பூசினால் சக்கரம் கிரீச்சிடாது. முத்தையா அண்ணனின் வண்டி பின்னால் வந்து நிற்பதே தெரியாது என்று பீடோர்க் கடைத்தெருவில் பெயர் வாங்கியிருந்தார். லாரி வந்தபோது மாடு போயிற்று, வண்டி போயிற்று. விளக்கெண்ணெய் டின் மட்டும் போகவில்லை. டிரைவர் ஆசனத்துக்கு அடியில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்த லாரி நம் பட்டறை வாசலில் புகையைக் கக்கிக்கொண்டு வந்து நின்றது.

“தம்பி, காலையில கெளப்பினா முள்ளு நட்டமா நிக்குது. தாப்பா தாண்டுறதுக்குள்ள படுத்துக்கிது. கோப்பேங் வரதுக்குள்ள செத்தே போச்சு. பாரு,” என்றார்.

அவர் சொன்னது டிரைவருக்கு முன்னால் பலகையில் இருக்கும் எண்ணெய் முள்ளை. எஞ்சினுக்குள் எண்ணெய் எவ்வளவு அழுத்தத்தோடு போகிறது என்று காட்டுவது அதுதான். முள் படுத்துவிட்டால், சுழலும் தண்டைத் தாங்குகிற பேரிங்குகளுக்கு எண்ணெய் சரியாகப் போய்ச் சேரவில்லை என்று வைத்துக்கொள்ள வேண்டும். அப்படியே ஓட்டினால் எஞ்சின் உருகி இறுகிப்போகும்.

“படுத்தா என்ன செய்வீங்க அண்ணே?”

“வெளக்கெண்ணெ ஊத்துவேன். எழுந்து நிக்கும். மறுபடி படுக்கும், மறுபடி ஊத்துவேன். இப்பதான் எவ்வளவு ஊத்தினாலும் எழுந்திரிக்க மாட்டேங்குது லா.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

“திங்கட்கெழம பெரிய தொரெ எம் பக்கத்துல உக்காந்து தெலுக் ஆன்சன் வரைக்கும் வாரேன்னிருக்காரு. ஷீட்டு ஏத்திக்கிட்டுப் போவணும். வண்டி அவருக்குப் புடிச்சா தோட்டத்துச் சரக்கு மொத்தமும் எனக்கு. அந்தாளுக்கு மோட்டார்னா பைத்தியம் தம்பி. கண்ணு ரோட்டுல இருக்காது, முள்ளு மேலதான் இருக்கும். முள்ளு படுத்துச்சுன்னா கண்டிராக் வேற கைக்குப் போயிரும். திரும்பிப் போவ எங்கிட்ட மாடு கூட இல்ல,” என்றார்.

தவுக்கே இதையெல்லாம் கேட்டுக்கொண்டே கண்ணாடி அலமாரியைத் திறந்தார். அதற்குள் இருக்கும் டப்பாக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மேலே பந்தயக் கார் படம் ஒட்டி, உள்ளே எண்ணெயில் கலக்கிய கறுப்புப் பொடி இருக்கும். எஞ்சின் மருந்து என்று விற்கிறோம். ஒன்றை எடுத்துத் துடைத்து முத்தையா அண்ணன் முன்னால் வைத்தார்.

“இது ஊத்து. மின்யாக் கெட்டியாவும், முள்ளு மேல ஏறும். திங்கள் தொரெ பாத்துட்டுப் போவட்டும். செவ்வா கொண்டு வா, திறந்து பாக்கலாம். போலே?”

எண்ணெய்க்கு மின்யாக், முடியுமா என்பதற்கு போலே; தவுக்கே இரண்டையும் எப்போதும் மலாயில்தான் சொல்வார். கோபம் வந்தால் காண்டோனிய மொழிக்குப் போவார்.

முத்தையா அண்ணன் டப்பாவைத் திறந்து முகர்ந்தார். “கறுப்பு மாவு! என் வண்டி மையும் இதே நெறந்தானே? இதுக்கு நான் பீடோர்லேருந்து வரணுமா?”

“உன் மின்யாக் வயித்துக்குத்தான் சரி. என் மவன் குடிச்சான். ரெண்டு நாளு ஓடினான்.”

“ஓடினான்ல? அப்ப லாரி ஓடாதா?”

பட்டறையே சிரித்தது. தவுக்கேயும் சிரித்தார். இருவரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள், படித்தவன் தீர்ப்புச் சொல்லட்டும் என்று.

எண்ணெயில் எதையாவது கலப்பது நல்லதா கெட்டதா என்று இனி உங்களிடமும் வருகிறவர் போகிறவர் எல்லாம் கேட்பார்கள். சீமையில் பந்தயக் கார்களுக்கு விளக்கெண்ணெய்தான் ஊற்றுகிறார்கள் என்று மோட்டார்ப் பத்திரிகையில் நான் படித்திருந்தேன். அதனால் விளக்கெண்ணெயைப் பழிக்க எனக்கு வாய் வரவில்லை. அது வழுவழுப்பில் அசல் சரக்கு. ஆனால் பந்தயக் காரில் அது மட்டுமே இருக்கும், ஓட்டம் முடிந்ததும் எஞ்சினைப் பிரித்துக் கழுவிவிடுவார்கள். நம் டின்களில் வருவது பூமியிலிருந்து எடுத்த எண்ணெய். இரண்டும் சொந்தம் கொண்டாடாதவை. ஒரே சட்டிக்குள் போட்டுக் காய்ச்சினால் என்ன ஆகும்? தவுக்கேயின் பொடியைப் பற்றியும் எனக்குச் சண்டையில்லை. நல்ல எஞ்சினுக்கு அது நல்லதே செய்யலாம். இந்த எஞ்சினில் முள் ஏன் படுத்தது என்று யாருக்குமே தெரியாதபோது அதை ஊற்றுவது எதற்கு? நோயாளி வலியில் கத்துகிறான் என்று வாயைப் பொத்துகிற வேலை அது.

இதையெல்லாம் நான் பேசி ஜெயிக்க முயலவில்லை. லாரிக்கு அடியில் புகுந்து கொஞ்சம் எண்ணெயைப் பால் டப்பா ஒன்றில் பிடித்தேன். நாம் கோப்பி போடுகிற கரி அடுப்பில் வைத்துக் காய்ச்சினேன். ஆறவிட்டு முத்தையா அண்ணனிடம் நீட்டினேன்.

“விரல வைங்க.”

வைத்தார். எடுத்தார். விரலுக்கும் டப்பாவுக்கும் நடுவே பழுப்பு நிறத்தில் ஓர் இழை நீண்டு தொங்கியது.

“என்னடா இது, மரத்துல காஞ்ச ஒட்டுப்பாலு மாதிரி வருது?”

தோட்டத்துக்காரருக்கு அதைவிட யார் விளக்கிச் சொல்ல முடியும்? பால் வெட்டிய பிறகு கோட்டிலும் கோப்பையிலும் காய்ந்து ஒட்டிக்கொள்கிற பிசினை நாளெல்லாம் பார்த்தவர். அவருடைய கண் தானாகவே லாரியின் அடிப்பக்கம் போனது.

“இதுதான் உள்ளாற இருக்குதா?”

“திறந்தாத்தான் தெரியும்.”

“தா போலே,” என்றார் தவுக்கே. முடியாது என்றால் அவர் கையையும் சேர்த்து ஆட்டுவார். “திறந்தா திங்கள் போவாது. மூட மாட்டே. வண்டி இங்க, தொரெ அங்க.”

“ஞாயித்துக்கெழம சாயங்காலத்துக்குள்ள மூடித் தாரேன் தவுக்கே. மூடலேன்னா உங்க டப்பாவை நானே ஊத்துறேன். எல்லார் முன்னாலயும்.”

அவர் காண்டோனிய மொழிக்குப் போனார். அங்கே என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வந்தபோது, “செய்,” என்றார்.

திறந்தோம். எஞ்சினின் அடித்தொட்டியில் எண்ணெயை உறிஞ்சி மேலே தள்ளுகிற பம்ப் இருக்கிறது அல்லவா, அதன் வாயில் ஒரு கம்பிச் சல்லடை இருக்கும். சல்லடையைக் காணோம். அந்த இடத்தில் பழுப்பாக ஒரு கொழுக்கட்டை இருந்தது. அதைச் சுரண்டினால் உள்ளே வெள்ளித் துகள் மாதிரி மினுக்கம். பேரிங்கில் பூசியிருக்கும் வெள்ளை உலோகம் தேய்ந்து வந்த துகள்.

எல்லாம் விளங்கிவிட்டது. முதலில் பேரிங் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. இடைவெளி பெருகினால் எண்ணெய் சுலபமாக வழிந்துபோகும், முள் கொஞ்சம் இறங்கும். அண்ணன் விளக்கெண்ணெய் ஊற்றியிருக்கிறார். கெட்டியாக இருந்ததால் முள் ஏறியிருக்கிறது. ஏறியதைப் பார்த்து இன்னும் ஊற்றியிருக்கிறார். அது காய்ந்து பிசினாகிச் சல்லடையை அடைக்க, எண்ணெய் குறைந்து பேரிங் இன்னும் தேய்ந்திருக்கிறது. அதற்கும் விளக்கெண்ணெய். ஒவ்வொரு தடவை முள் எழுந்தபோதும் எஞ்சின் படுத்துக்கொண்டிருந்தது.

அவருக்கு இதைச் சொன்னேன். ஒரு மூலையில் போய் உட்கார்ந்து, நாங்கள் பேரிங்கைக் கழற்றுவதையும் சுரண்டிப் பொருத்துவதையும் பார்த்துக்கொண்டே இருந்தார். வேலையைப் பற்றி வேறொன்றும் எழுதப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மூடினோம். புது எண்ணெய் ஊற்றிக் கிளப்பினேன். நன்றாகச் சூடான பிறகும் முள் தலை நிமிர்ந்து நின்றது. தவுக்கே தன் டப்பாவை எடுத்துப் பழையபடி அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

இத்தோடு கதை முடிந்திருந்தால் இதை உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன்.

பிசின் சல்லடையில் மட்டும் இருக்காது. கை எட்டாத துவாரங்களிலும் சுவர்களிலும் அப்பியிருக்கும். புது எண்ணெய் சூடாகி ஓடும்போது அதை ஊறவைத்துப் பெயர்த்துக்கொண்டு வரும், சல்லடை மறுபடி அடைபடும். அது ஒரு தடவையா, இரண்டு தடவையா, எந்த மைலில் என்று சொல்ல முடியாது. நல்லவேளையாக அந்த லாரியில் சல்லடையை வெளியிலிருந்தே ஒரு பெரிய மூடியைத் திருகி எடுக்கலாம். அதனால் முத்தையா அண்ணனிடம் சொன்னேன்: “நானும் கூட வாரேன். பெட்ரோல், வாளி எல்லாம் எடுத்துக்கலாம். வழியில எங்கயாவது முள்ளு விழும். விழுந்த ஒடனே நிப்பாட்டிக் கழுவிட்டுப் போலாம். ஆனா இத தொரெகிட்ட கெளம்புறதுக்கு முந்தியே சொல்லிருங்க.”

“பொண்ணு பாக்க வந்தவங்ககிட்ட, எம் பொண்ணு மணவறையில மயங்கி விழுவா, பயப்படாதீங்கன்னு நீ சொல்வியா?”

“மறைச்சுக் கட்டிக் குடுத்தா அப்புறம்?”

“அப்புறம் அப்புறம். மொதல்ல கண்டிராக்.”

திங்கட்கிழமை காலையில் தோட்டத்தில் நான் கண்ட காட்சி இது. லாரியைக் கழுவிப் பொட்டு வைத்திருந்தார்கள். முத்தையா அண்ணன் புது வேட்டியும் தோளில் புது மல் துண்டுமாக நின்றார். எண்ணெய் முள் இருக்கும் பலகையில் தடிமனாக ஒரு சாமந்தி மாலை தொங்கியது. சரியாக முள்ளுக்கு மேலே.

அவருடைய மனைவி பாக்கியம் அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மாலையைக் கட்டிக் கொடுத்தவர் அவர்தான்.

“நான் கட்டுனது முருகன் படத்துக்கு. படம் அந்தக் கோடியில இருக்கு. மால இந்தக் கோடியில தொங்குது,” என்றார். “என்ன, இந்த முள்ளுதான் இனிமே நம்ம சாமியா?”

“சும்மா இரு பாக்கியம். தொரெ வாராரு.”

“வரட்டும். சாமிய எங்க காணோம்னு அவரே கேப்பாரு.”

துரை வந்தார். நெட்டையான ஆள், வாயில் புகையிலைச் சுங்கான். தோட்டத்து துரைமார்கள் எல்லோரையும் போல அவருக்கும் தமிழ் தெரியும், அதாவது ஏவல் தமிழ். லாரியை ஒரு சுற்றுச் சுற்றினார், புகை வரும் குழாய்க்கு அருகில் சற்று நின்றார், பிறகு முன்னால் ஏறி உட்கார்ந்தார். நான் பின்னால் ஷீட்டுக் கட்டுகளின் மேல் ஏறிக்கொண்டேன். டிரைவர் தலைக்குப் பின்னால் இருந்த சின்ன ஜன்னல் வழியாக எனக்கு இரண்டு தோள்களும் மாலையும் தெரிந்தன. ஒவ்வொரு வளைவிலும் மாலை ஒருபக்கம் சாயும்போது முள்ளும் தெரிந்தது.

பீடோர் தாண்டும்வரை முள் நன்றாக நின்றது. முத்தையா அண்ணன் மெல்லப் பாட ஆரம்பித்தார். லங்காப் வருவதற்கு முன்னால் ஒரு வளைவில் மாலை சாய்ந்தபோது பார்த்தேன், முள் இறங்கியிருந்தது. அடுத்த வளைவில் இன்னும் கீழே. பாட்டு நின்றது. அவரும் பார்த்துவிட்டார்.

வண்டி நிற்கவில்லை.

ஜன்னலில் தட்டினேன். அவர் திரும்பவில்லை. இன்னும் பலமாகத் தட்டினேன்.

“அவன் என்ன?” என்று துரை கேட்டது காதில் விழுந்தது.

“தண்ணி, தொரெ. எஞ்சினுக்குத் தண்ணி ஊத்தணுமாம்.”

ஓரத்தில் நிறுத்திவிட்டுப் பின்பக்கம் ஓடி வந்தார். அவருடைய முகத்தில் வேர்வை வழிந்துகொண்டிருந்தது.

“டின்ன எடுத்தாரேன்,” என்றார் அடிக்குரலில். “மூடியத் தொறந்து தண்ணி ஊத்துற மாதிரி நீ தொரெய மறைச்சுக்கிட்டு நில்லு. ஒரு நிமிசம் போதும்.”

“நிக்க மாட்டேன் அண்ணே.”

“தெலுக் ஆன்சன் வரைக்கும் தாக்குப் புடிச்சாப் போதும்டா! இன்னும் கொஞ்ச தூரம்தான்!”

நியாயமாகச் சொன்னால், தாக்குப் பிடித்தாலும் பிடித்திருக்கும். தம்பிகளே, இந்த இடத்தைக் கவனியுங்கள். ஊற்றினால் கண்டிப்பாகக் கெட்டுப்போகும் என்றிருந்தால் முடிவு எடுப்பது சுலபம். ஊற்றினால் இன்றைக்குப் பிழைத்துவிடலாம், நாளைக்கு என்ன என்று தெரியாது என்கிறபோதுதான் நம் வேலையே தொடங்குகிறது. நான் சுரண்டிப் பொருத்திய பேரிங் அது. அதை எண்ணெய் இல்லாமல் ஓட்ட என் கையாலேயே வழிவிட்டால், அப்புறம் எந்த வண்டியின் மூடியைத் திறக்க எனக்கு யோக்கியதை உண்டு?

“அண்ணே, போன வாரம் ஊத்துனப்ப உள்ள என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியாது. இப்ப விரல வெச்சுப் பாத்திருக்கீங்க. வண்டி மாடு வழியில நொண்டினா என்ன செய்வீங்க? கால்மேல மாலை போட்டு ஓட்டுவீங்களா?”

ஓங்கி அறையப் போகிறார் என்று நினைத்தேன். அறையவில்லை. விறுவிறுவென்று முன்பக்கம் போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் கையை நீட்டி மாலையைக் கழற்றி எடுத்தார்.

“தொரெ, தண்ணி இல்ல. முள்ளு விழுந்திருச்சு. எண்ணெ போற வழியில அழுக்கு அடைச்சிருக்கு. இங்கயே கழுவணும். நேரமாவும். மொதல்ல சொன்னது பொய்.”

துரை முள்ளைப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். படகுத்துறையில் படகு காத்திருப்பது எங்கள் மூவருக்கும் தெரியும். இறங்கிப் பின்னால் வந்து, “உனக்குத் தெரியும்?” என்று என்னைக் கேட்டார். நான் இங்கிலீஷில் எல்லாவற்றையும் சொன்னேன். முள் வழியில் விழும் என்று முன்பே சொல்லியிருந்ததையும் சொன்னேன்.

“ஏன் என்கிட்ட சொல்லலே?” என்று முத்தையா அண்ணனிடம் திரும்பினார்.

“சொன்னா நீங்க வண்டியில ஏறியிருக்க மாட்டீங்க, தொரெ.”

துரை யோசித்தார். “ஆமா. ஏறமாட்டேன்,” என்றார்.

நான் அடியில் புகுந்து எண்ணெயை வாளியில் பிடித்தேன். முத்தையா அண்ணன் தோளில் இருந்த புதுத் துண்டை உருவி, இரண்டாக மடித்து, வடிகட்டப் பிடித்தார். சல்லடையைத் திருகி எடுத்து, பெட்ரோலைத் தட்டில் ஊற்றிக் கழுவ ஆரம்பித்தோம். துரைக்கு ஆர்வம் தாங்கவில்லை. குனிந்து, எங்கள் தலைக்கு மேலே தலையை நீட்டினார். வாயில் சுங்கான் புகைந்துகொண்டிருந்தது.

“தொரெ! பெட்ரோலு! தள்ளிப் போங்க! போங்கன்னா!” என்று முத்தையா அண்ணன் கத்தினார்.

அந்தத் தோட்டத்தில் துரையைப் பார்த்துக் கத்தியவர் அவருக்கு முன் யாரும் இருந்திருக்க முடியாது. துரை துள்ளிப் பின்னால் போய்ச் சுங்கானை அணைத்துப் பையில் வைத்துக்கொண்டார். கத்திய பிறகுதான் முத்தையா அண்ணனுக்குத் தாம் செய்தது உறைத்தது. ஆனாலும் கை நிற்கவில்லை. கழுவிக்கொண்டே இருந்தார்.

மூடினோம், வடிகட்டிய எண்ணெயை ஊற்றினோம், கிளப்பினோம். முள் எழுந்தது. மாலையை அவர் பழைய இடத்தில் மாட்டவில்லை. முருகன் படம் இருக்கும் கோடிக்கு, துரையின் முழங்காலுக்கு மேலே கையை நீட்டி, மாட்டினார். அப்புறம் தெலுக் ஆன்சன் வரும்வரை துரையின் கண் முள்ளை விட்டு நகரவில்லை. முள்ளும் நகரவில்லை.

படகு இன்னும் கிளம்பியிருக்கவில்லை. கட்டுகளை இறக்கும்போது துரை எங்களைக் கூப்பிட்டார். டிரைவர் ஆசனத்துக்கு அடியில் குனிந்து, விளக்கெண்ணெய் டின்னை வெளியே எடுத்துத் தரையில் வைத்தார். முத்தையா அண்ணன் முகம் வெளிறிப்போனது.

“போன சண்டையிலே நான் ஆகாய விமானப் பட்டாளம்,” என்றார் துரை. “எங்க எஞ்சினுக்கு எல்லாம் இதே எண்ணெய். எரிஞ்சா ஒரு வாசனை. நாலு வருஷம் அதை முகர்ந்தேன், மறக்காது. போன வாரம் உன் லாரி என் பங்களா பக்கம் போச்சு. அதே வாசனை.” தம் மூக்கைத் தொட்டுக் காட்டினார். “இன்னிக்குக் காலையிலே குழாய்கிட்டே நின்னேன். வாசனை இல்லே. சரி, எண்ணெய் மாத்தினான்னு ஏறினேன். வழியிலே நீ தண்ணின்னு சொன்னே. நான் மூக்கைத் தயாரா வச்சுக்கிட்டு உக்காந்தேன். அந்த வாசனை வந்திருந்தா, இறங்கி நடந்தே வீட்டுக்குப் போயிருப்பேன்.”

முத்தையா அண்ணன் டின்னை எடுத்து லாரியின் பின்தட்டில் வைத்தார்.

“நாளை மறுநாள் சரக்கு இருக்கு. நீ எடு,” என்றார் துரை. “முள் விழுந்தா நில்லு. படகு போனா போகட்டும். என்கிட்டே தண்ணின்னு சொல்லாதே.” அவர் தம் சுங்கானை எடுத்தார், பிறகு முத்தையா அண்ணனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, லாரியிலிருந்து நன்றாக விலகிப்போய்ப் பற்ற வைத்தார்.

துரை ரயிலில் திரும்பிவிட்டார். நாங்கள் இருவரும் காலி லாரியில் வந்தோம். பீடோர் நெருங்கும்போது முத்தையா அண்ணன் தானாகச் சிரிக்க ஆரம்பித்தார்.

“முள்ளுக்கு மாலை போட்டு மறைச்சேன் தம்பி. அந்தாளு மூக்குக்கு எதடா போட்டு மறைச்சிருப்பேன்?”

வீட்டில் பாக்கியம் அக்கா செய்தி கேட்பதற்கு முன் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். மாலை படத்துக்கு நேராக இருந்தது. அதிலேயே அவருக்குச் செய்தி கிடைத்துவிட்டது போலிருக்கிறது. ஒன்றும் கேட்காமல் விளக்கெண்ணெய் டின்னை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குள் போனார்.

“அடியே, அத எங்க கொண்டு போறே?”

“வெளக்குக்கு. பேரே அதுதானே?”

அந்த லாரி இப்போதும் ஓடுகிறது. முதல் இரண்டு மூன்று சவாரிகளில் இன்னும் சில தடவை முள் விழுந்தது. ஒவ்வொரு தடவையும் நிறுத்தினார், கழுவினார், போனார். ஒருநாள் படகையும் தவறவிட்டார். துரை ஒன்றும் சொல்லவில்லை. தவுக்கேதான் இன்றுவரை என்னிடம் வழக்காடுகிறார், தம் டப்பாவை ஊற்றியிருந்தால் வாசனையே வந்திருக்காது என்று. அது உண்மைதான். தம் பொடிக்கு வாசனை இல்லை என்பதில் அவருக்கு ஒரு பெருமை.

நான் போன பிறகு உங்களிடம் வண்டிகள் வரும். ஒருவர் வாழைப்பழத்தைக் கொண்டுவந்து கியர்ப் பெட்டிக்குள் போடச் சொல்வார், இன்னொருவர் தேங்காயெண்ணெய்க்காக வாதாடுவார், தவுக்கே அலமாரியைத் திறப்பார். யாரோடும் சண்டை போடாதீர்கள். கொஞ்சம் எண்ணெயை டப்பாவில் பிடித்து அடுப்பில் வையுங்கள், அவர்களையே விரலை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவசரம் என்பார்கள். உண்மையிலேயே அவசரமாகத்தான் இருக்கும். அப்போதும் திறந்து பாருங்கள்.

வண்டிக்குள் ஏறியதும் எஞ்சினைக் கிளப்புவதற்கு முன்னால் பலகையில் மாலை எங்கே தொங்குகிறது என்று பாருங்கள். முள்ளுக்கு மேலே தொங்கினால், மரியாதையாக இரண்டு கையாலும் எடுத்து, சாமி இருக்கும் பக்கம் மாட்டிவிட்டு வேலையை ஆரம்பியுங்கள்.